பொன்னுரங்கம் பாறை

சுத்திகினே கீது பாரு சார்… அர அவரா சுத்திகினே கீது! ரெண்டு அவருக்கு ஒருவாட்டி சந்திராயன் நிலாவையே ஒரு ரவுண்டு வந்துருதாம், பேப்பர்ல போட்டுகீறான். மூணே முக்கா லட்சம் கிலோமீட்டரு! அங்கேர்ந்து போட்டோ வருது. போன வாரம் கொடியகூட கொண்டுபோயி இறக்கிட்டாங்கோ. இங்க ராயபுரத்து நெட்டு கடைல ஒரே ஒரு பக்கத்தத் தொறன்னா கம்ப்யூட்டரு தொறக்க மாட்டேங்குது. ஐரீனம்மா! நெட்டு கீதா, போச்சா?

போச்சாம். மழைல எங்கயோ ஒயரு ஊறிப்போச்சாம். அஞ்சே நிமிசத்துல வந்துருமாம். இந்த ஐரீனம்மா கடைல அஞ்சு நிமிசம்னா அது வேற டைம் சார், ஐன்ஸ்டைன் சொன்ன டைமு. இழுக்க இழுக்க நீளும்.

உனுக்கும் நின்னுபோச்சா? அப்ளிகேசன் பாரம் ரொப்பிகினு இருந்தியா? அடடா, பாதிலயா… எங்க ஏந்துக்கற? குந்து சார். ஏந்துகினா கண்டி சீட்டு போயிரும், அப்பால பாரத்த மொதல்லேர்ந்து ரொப்பணும். குந்து.

நான் எதுக்கு வந்துகீறேன்னு கேளேன். கேக்கலன்னாலும் சொல்லுவேன், அத்த வுடு. ஒரு பிரின்ட்டு வோணும். ஜி.பி.எஸ். செட்டு எப்டி வேல செய்யுதுன்னு இங்கிலீசுல ஒருத்தன் படம் போட்டு எழுதிகீறான். அத்த எடுத்துகினு அஞ்சு மணிக்கு அம்மன் கோயிலாண்ட போவணும். பஞ்சாயத்து. எம் மச்சான் வரதன் கல்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணப் போறான். பொய் சத்தியம்! அத்துக்குள்ள நான் இந்தப் பேப்பர நாட்டாமக்காரங்க மூஞ்சில காட்டணும். மணி இன்னா இப்போ? நாலு பத்தா… கீது, டைம் கீது.

நான் பொன்னுரங்கம் சார். காசிமேட்டுல ராசையான்னு ஒருத்தரு, அவரு லாஞ்சுக்கு நாந்தான் டிரைவரு. படிச்சது எட்டாவது. ஆனா சைன்ஸுன்னா வுட மாட்டேன். மீன் கட்டிக் குடுக்கற பேப்பர்ல சைன்ஸு நூஸு இருந்தா கண்டி, மீன வாங்கனவன நிறுத்தி வெச்சிப் படிச்சிட்டுதான் அனுப்புவேன். செப்டம்பர் மாசம் பாத்தியா, பூமிக்கு அடில இருவத்தேழு கிலோமீட்டரு வட்டமா கொழாய் போட்டு, அணுவ அணுவோட மோத வுட்டாங்களே? ஒலகம் அழியப் போவுதுன்னு எங்க தெருவே அன்னிக்கி கடலுக்குப் போவல. நான் போனேன். ஒண்ணும் ஆவாதுன்னு எனுக்குத் தெரியும். ஒம்போதாம் நாளு அதுவே நின்னுபோச்சி. இன்னான்னு பாத்தா, ஒரு ஒயரு ஜாயின்ட்டு சரியில்லியாம்! எங்க லாஞ்சு டைனமோவுலயும் அதே கம்ப்ளைன்ட்டுதான் சார். அவுங்களுக்கு அத்தினி கோடி செலவு, எங்களுக்கு ஒரு துண்டு இன்சுலேசன் டேப்பு.

இன்னா சொல்ல வந்தேன்… ஆங், பாறை.

மூணு வருசம் முன்னாடி. எண்ணூருக்கு நேரா கெழக்கால போய்கினு கீறோம். வரதன்தான் ஈயகுண்டு கட்டுன கவுத்த வுட்டு ஆழம் பாத்துகினு இருந்தான். திடீர்னு "மாமா, நிறுத்து! கீழ கல்லு கீது"ன்றான். சேறுல வுழுந்தா குண்டு பொதக்குனு அமுங்கும். கல்லுல வுழுந்தா கவுறு வழியா கைக்கு ஒரு டொக்கு வரும். அந்த டொக்கு அவனுக்கு வந்துது. தூண்டில போட்டோம். கலவா சார், கலவா! ஒண்ணொண்ணும் தொட மொத்தம். நான் ஒடனே செட்ட எடுத்து பட்டன அமுக்கி பாயின்ட்ட சேவ் பண்ணிட்டேன். அப்ப யாரு கண்டுபுடிச்சது? பட்டன அமுக்குனவன் கண்டுபுடிச்சதுதான? கவுத்த யாரு வோணா வுடலாம் சார். சேவ் பண்ணத் தெரியணும்.

எங்க தொழில்ல பாயின்ட்டுன்றது, மீன் கெடைக்கற எடம், லேசுப்பட்டதில்ல. அடுத்த லாஞ்சு வந்தா தூண்டில சுருட்டிகினு வேற எங்கயோ போற மாதிரி பிலிம் காட்டுவோம். பொண்டாட்டியாண்ட கூட சொல்ல மாட்டோம். அந்த ஒரு பாறைய வெச்சிகினு ராசையாகிட்ட நான் ராசா மாரி இருந்தேன்.

இந்த ஜூன் மாசத்துலேர்ந்து புட்டுகிச்சு. ஒருநாள் காலைல போறோம், பாறை மேல ஏழு லாஞ்சு நிக்குது! ஏழு! காட்டுப்பள்ளி, பழவேற்காடு, எங்கெங்க கீறவனோ… ஒருத்தன் கைய ஆட்டி குட்மார்னிங் சொல்றான் எனுக்கு. இப்ப அங்க தூண்டில வுட்டா அடுத்தவன் தூண்டில்தான் மாட்டுது. போன வாரம் ராசையா என்னிய ஒருமாரியா பாத்து, "பாயின்ட்ட வித்தவன் யாருன்னு தெரியணும், இல்லாங்காட்டி டிரைவர மாத்திருவேன்"னுட்டாரு. முப்பது வருசம் சார். முப்பது வருசத்த ஒரு வார்த்தைல…

தெருவுல இன்னா சொல்றானுங்கோ தெரியுமா? "சேட்டிலைட்டு காட்டிக் குடுத்துச்சு, மேலேர்ந்து எவனோ பாத்துட்டான்"னு. நான் வாய்வுட்டு சிரிச்சேன். டேய், சேட்டிலைட்டு மீனயும் பாக்காது, பாறையயும் பாக்காது. தண்ணியோட கலரு, தண்ணியோட சூடு, அவ்ளோதான் பாக்கும். அதத்தான் ஹார்பர்ல போர்டுல எழுதிப் போடறான். ஜி.பி.எஸ். செட்டு இன்னா பண்ணுது? மேல நாலு சேட்டிலைட்டு பேசறத காது குடுத்துக் கேக்குது. கேக்கும், திருப்பிப் பேசாது. ரேடியோப் பொட்டில நீ பாட்டு கேட்டா, பாடறவனுக்கு நீ எந்த வூட்ல குந்திகினு கேக்கறன்னு தெரியுமா? தெரியாதுல்ல? அத்தே கதைதான். அப்ப செட்டும் சொல்லல, சேட்டிலைட்டும் சொல்லல. அந்தப் பாறை தெரிஞ்சது ரெண்டே பேருக்கு; கூட வர்ற பசங்களுக்குக் கடல்ல எடம் புடிக்கத் தெரியாது. நான் சொல்லல. மிச்சம் யாரு?

சைன்ஸு சார்! ஒவ்வொண்ணா கழிச்சிகினே வந்தா கடைசில நிக்கறதுதான் விடை.

இல்ல, அவனுக்குப் படிக்கத் தெரியாதுதான். செட்ல கீற நம்பரு அவனுக்குக் கோலம் மாரி. ஆனா படிக்காதவனுக்குக் கணக்கு கீது சார்! எண்ணூரு அனல்மின் நிலையத்துப் பொகபோக்கி கீது பாரு, ஒண்ணு பின்னால ஒண்ணு மறையற மாரி லாஞ்ச நிறுத்தி, அப்பால திருவொத்தியூர் பக்கம் எத்தயோ பாத்து… கண்ணாலயே எடத்தப் புடிச்சிருவான். எவனுக்காவது சரக்கு வாங்கிக் குடுத்தவனுக்கு ஒளறியிருப்பான்.

குடிக்க மாட்டானா… ஆமா, குடிக்க மாட்டான். டீக்கு ஒளறியிருப்பான். எனுக்கு இன்னா தெரியும்?

தெருவுல வெச்சி கேட்டுட்டேன், எவ்ளோக்கு வித்தடான்னு. என்னிய ஒரு பார்வ பாத்துட்டு, "கல்பூரம் அணைக்கறேன் மாமா"ன்னான், போய்ட்டான். எங்க பக்கம் ஒருத்தன சத்தியம் வரைக்கும் இஸ்துட்டாங்கன்னா, ஜெயிச்சாலும் அப்பால எந்த லாஞ்சுலயும் ஏத்த மாட்டாங்கோ சார். பேரு கெட்டுது கெட்டதுதான். எம் பொண்டாட்டி குணசுந்தரி, அவன் கூடப்பொறந்தவ, மூணு நாளா அடுப்பு பத்த வெக்கல. தட்டுல சோறு இல்ல, அவ தம்பி போட்டோவக் கொண்டாந்து வெச்சிகீறா. நான் பன்னும் டீயுமா ஓட்டிகினு கீறேன். சைன்ஸுக்காவ ஆளுங்கோ இன்னா பாடெல்லாம் பட்டுகீறாங்கோ, நான் மூணு நாள் சோறு இல்லாம இருக்க மாட்டனா?

ஆனா தூக்கம் வரல சார். அது வேற.

ஏன் கேளு… அந்த புளூட்டோ விசயம். ரெண்டு வருசம் முன்னாடி புளூட்டோவ கெரகம் இல்லன்னு தூக்கிட்டாங்களே. எழுவத்தாறு வருசம் கூடவே சுத்திகினு இருந்துச்சு. எங்கயோ ஒரு ஊர்ல கூட்டம் போட்டு, கைய தூக்கச் சொல்லி, நீ எங்கள்ல சேத்தி இல்லன்னு தள்ளி வெச்சிட்டாங்கோ. அத்த கூப்ட்டு ஒரு வார்த்த கேட்டாங்களா? கண்ணு கலங்கிடுச்சி எனுக்கு. மெய்யாலுமே. வரதன்தான் பக்கத்துல இருந்தான், "அழுவாத மாமா, அதுக்கு இன்னா, அது பாட்டுக்கு சுத்திகினுதான இருக்கும்"னான்.

ஏய்… நெட்டு வந்துருச்சா? உன்துல வந்துருச்சு! என்துல இன்னும் சுத்துது. ஐரீனம்மா, எனுக்கு எப்பமே ஓட்ட மிசினுதான் குடுப்பியா?

சரி, அதுக்குள்ள ஒண்ணு சொல்றேன் சார், நீயே பாராட்டுவ. செட்டு தண்ணில வுழுந்தா பாயின்ட்டு போச்சில்ல? எவனும் யோசிக்க மாட்டான். நான் யோசிச்சேன். பேக்கப்பு! ஏப்ரல் மே மாசம் கடலுக்குப் போவக்கூடாதுன்னு தடைக்காலம், நாப்பத்தஞ்சு நாளு வேல இல்ல. தெனம் இங்கதான் குந்திகினு கெடப்பேன். நெட்ல ஒரு ஒலக மேப்பு கீது. அதுல நம்ம எடத்த நம்மளே கட்டம் கட்டி பேரு போட்டுக்கலாம். எங்க வூட்டுக்குப் போட்டேன். கோயிலுக்குப் போட்டேன். ஹார்பர்ல டீக்கடைக்குப் போட்டேன். கடைசில… பாறைக்கும் போட்டேன். பேரு வெச்சேன் சார். வால்நட்சத்திரத்தக் கண்டுபுடிச்சவன் பேரத்தான அதுக்கு வெக்கறாங்கோ? மொட்டமாடில குந்திகினு வானத்தப் பாத்தவனுக்கே பேரு கீது. முப்பது வருசம் கடலப் பாத்தவனுக்கு ஒரு கல்லாவது வோணாமா? அம்பத்திமூணு வயசாவுது. ரேசன் கார்டு தவிர எங்கயும் என் பேரு இல்ல.

யாரு பாக்கப் போறா! பாஸ்வேர்டு போட்டுத்தான உள்ள போனேன்? செட்ல சேவ் பண்ணா செட்டுக்குள்ள கீற மாரி, அது என் பாஸ்வேர்டுக்குள்ள…

இன்னா சார் தேடற நீ? அட, அதே மேப்பு! எப்டி புடிச்ச? தோ, மேல தள்ளு… திருவொத்தியூரு, எண்ணூரு, ஆங், பொகபோக்கி நெழலு தெர்து பாரு. இப்ப கடலுக்குள்ள போ. போ, போ… வெறும் நீலம். பாத்தியா? உனுக்கு ஒண்ணும் தெரியாது. அதான் பாஸ்வேர்…

அது இன்னா வெள்ளையா?

கட்டம் மாரி கீதே. கிட்டப் போ. இன்னும்… கண்ணாடி எடுத்தாரல, நீயே படி சார்.

பொன்னுரங்கம் பாறை.

இரு. நீ என் பாஸ்வேர்டு போட்டியா? போடலியா? பேரும் போடலியா? அப்ப எப்டி… என்து சுத்திகினே கீது சார், நான் உள்ளயே போவலியே! அப்ப யாரு தொறந்தாலும்… ஐரீனம்மா தொறந்தாலும்? காட்டுப்பள்ளில தொறந்தாலும்? அமெரிக்காவுல தொறந்தாலுமா?

கீழ இன்னா எழுதிகீது? நான் எழுதனதுதான். தெரியும். படி… "இங்கே கலவா, சங்கரா நிறைய கிடைக்கும். விடியற்காலை நல்ல நேரம். கண்டுபிடித்தவர் பொன்னுரங்கம், லாஞ்சு டிரைவர், காசிமேடு." ஓரத்துல ஓடறது அந்த எடத்து நம்பரா? செட்ல கீற அதே நம்பரு.

அதுக்கும் கீழ? வேற ஆளுங்கோ எழுதிகீறாங்களா? "தேங்க்ஸ் அண்ணா. எங்க மாமா லாஞ்சுக்கு நம்பர் எழுதிக் குடுத்தேன். ஒரே நாள்ல நாலு கூடை கலவா." தேதி? ஜூன் ஆறா…

தடை முடிஞ்சி ஏழாம் நாளு.

சிரிக்காத சார். சரி, சிரி. நான் தெருவுல சிரிச்சேன்ல. "மேலேர்ந்து எவனோ பாத்துட்டான்"னு கைநாட்டுக்காரன் சொன்னான், நான் வாய்வுட்டு சிரிச்சேன். ஒவ்வொண்ணா கழிச்சேன், செட்ட கழிச்சேன், சேட்டிலைட்ட கழிச்சேன்… என்னியத்தான் மொதல்லயே கழிச்சி வெச்சிட்டேன்.

"எவ்ளோக்கு வித்தடா"ன்னு கேட்டேன் சார். நான் சும்மாவே குடுத்துகீறேன்.

மணி இன்னா? நாலர தாண்டிடுச்சா? அழி சார், அத்த அழி! இல்ல இல்ல, அழிக்காத. பேர மாத்து. "கண்டுபிடித்தவர் வரதன்"னு போடு. டொக்கு அவன் கைக்குத்தான வந்துது? நான் பட்டன்தான அமுக்குனேன். வ… ர… அய்யய்யோ நிறுத்து! கைய எடு சார்! இப்ப அவன் பேரப் போட்டா, அவனே எழுதிப் போட்டான்னு அவன்தான மாட்டுவான்! ஒரு நல்ல காரியம் பண்லாம்னு பாத்தா அதுவும் அவன் கழுத்துக்கே வருது பாரு. இருக்கட்டும். இன்னிக்கி ஒருநாள் எம் பேரே இருக்கட்டும். நாளைக்கி வந்து மாத்திக்கறேன். அவன் படிக்க மாட்டான், நான் படிச்சிக் காட்டுவேன்.

அவன் பேசினா. பேசாங்காட்டியும் பரவால்ல, அது பாட்டுக்கு சுத்திகினுதான இருக்கும்…

ஐரீனம்மா! அந்த ஜி.பி.எஸ். பேப்பர் வோணாம், கேன்சல். தோ, சார் மிசின்ல கீது பாரு, அத்தப் பிரின்ட்டு போடு. சீக்கிரம், கல்பூரம் ஏத்திருவாங்கோ. கறுப்பு வெள்ளையா? வோணாம், கலர்லயே போடு. இங்க்கு இல்லியா? சரி, எதுலயாச்சும் போடு. ஆனா எம் பேரு மட்டும் கொட்ட எழுத்துல வுழணும்மா. தூரத்துல நிக்கறவனுக்கும் தெரியணும்.