பாப்பா எடுத்த படம்

கார்டில் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னது நான்தான், மேடம். வயதானவர்களுக்குப் போனைப் பிடித்தால் கை ஆடும். கட்டம் சின்னதாக இருந்தால் ஸ்கேன் ஆகாது. சலித்துப்போய்ப் போனைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். அச்சுக்கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். ஓரத்துப் பூவுக்கு இடம் இருக்காது என்றார். பூ போனால் போகட்டும் என்றேன்.

என் மகள் கல்யாணத்துக்கான ஏற்பாடு அது. ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் ஒரு கார்டு. வந்தவர்கள் அதிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, தாங்கள் எடுத்த படங்களை ஏற்றினால் எல்லாம் ஒரே ஆல்பத்தில் வந்து சேரும். கார்டு கையில் இருக்கும் யாரும் ஆல்பத்தைப் பார்க்கலாம். ஆனால் எந்தப் படமும் முதலில் என் போனுக்குத்தான் வரும். நான் பார்த்துச் சரி என்று தொட்டால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். அந்தப் பொறுப்பை மகள் என்னிடம் கொடுத்தாள். "அம்மா டீச்சராச்சே, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்பாங்க" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

என் தங்கை கல்யாணத்துக்கு வரச் சம்மதித்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

"வர்றேன்க்கா. ஆனா என் மூஞ்சி எந்தப் போட்டோவுலயும் வெளிய போகக்கூடாது. பாப்பாவோடதும்."

"நான் இருக்கேன்ல. ஒண்ணுகூடப் போகாது."

அவள் புருஷன் கைநீட்டுகிறவர். அவள் சிகிச்சைக்குப் போன காகிதங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் அவள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. "உனக்குத் தெரியாம இருக்கிறதுதான் உனக்கும் நல்லது" என்றாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள் நான். அவள் கல்யாணத்தைப் பேசி முடித்தவளும் நான்தான். மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ரத்தத்துக்கும் மருந்துக்கும் ஓடியவர் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

கல்யாணத்தன்று நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். மணமேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனும் கையுமாக இருந்தேன். தங்கை இருக்கிற படம் எது வந்தாலும் நீக்கினேன். தோள் மட்டும் தெரிந்தாலும் நீக்கினேன். கண்ணாடியில் அவள் நிழல் விழுந்த படத்தைக்கூட விடவில்லை. அவள் நடுவில் ஒரு முறை வந்து என் தோளில் கை வைத்து, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் தங்கை புருஷன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை நாங்கள் கூப்பிடவில்லை. கூப்பிடாத கல்யாணத்துக்கு மறுநாள் வந்து வாழ்த்துச் சொல்கிற பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்? கூடத்தில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், பெண்ணையும் மாப்பிள்ளையையும் விசாரித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ வந்தாளாக்கா?"

மேசை மேல் மிச்சம் கிடந்த கார்டுகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"போட்டோவெல்லாம் இதுல இருக்கு. ஸ்கேன் பண்ணிப் பாருங்க, மாப்பிள்ளை."

நான் செய்தது அவ்வளவுதான் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணக் கார்டு, எல்லோருக்கும் கொடுத்தது, சொந்தக்காரர் ஒருவருக்கும் கொடுத்தேன். பிரிந்தவர்கள் ஒரு முறை முகம் பார்த்துப் பேசினால் சரியாகிவிடும் என்று எந்த அக்காவும் நினைக்க மாட்டாளா?

அதற்கு அடுத்த வாரம், வேலை முடிந்து தங்கை வீட்டுக்குத் திரும்பியபோது அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மீதி உங்களுக்குத் தெரியும். பாப்பா அப்போது பக்கத்துத் தெருவில் டியூஷனில் இருந்தாள். அந்த மட்டுக்கும் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

விசாரணையில் அவர், கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். கார்டு எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு, கல்யாணத்துக்கு வந்த யாரோ விட்டுவிட்டுப் போனதாகச் சொல்லியிருக்கிறார். என் பெயரை எடுக்கவே இல்லை. இன்றைக்கும் என் மேல் அந்த மரியாதை வைத்திருக்கிறார்.

அந்தப் படத்தை எடுத்தது பாப்பா. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அம்மாவின் போனை வாங்கி, அம்மா கதவைப் பூட்டுவதை எடுத்திருக்கிறாள். புதுப் புடவை, கையில் சாவி, பாதி திரும்பிய முகம். பின்னால் மாடிப்படிக்கு அந்தப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர்ப்பலகை, தெருப் பெயரும் ஊர்ப் பெயருமாக. மண்டபத்தில் மேசைக் கார்டைப் பார்த்ததும் பாப்பாவே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டாள். பெரியம்மா எல்லோரையும் ஏற்றச் சொன்னாள் அல்லவா. அத்தனை படங்களில் இது ஒன்று என் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போலீஸ்காரர் ஒருவர் கூடத்தில் நின்று இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பாப்பா கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள், என் மகள் இருந்த அறையில். சரியாகச் சாப்பிடுவதில்லை. போனைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

"நான் எடுத்த போட்டோவாலதான பெரியம்மா அம்மா செத்துட்டாங்க?"

"நீ குழந்தைடா. உனக்கு என்ன தெரியும்? விடு" என்று தலையைத் தடவிக்கொடுக்கிறேன். கவனித்தீர்களா மேடம், இல்லை என்று நான் சொல்வதில்லை. விடு என்றுதான் சொல்கிறேன். தினமும் கேட்கிறாள். தினமும் அதையே சொல்கிறேன்.

சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்தன்று மாலையில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஐஸ்கிரீம் சாப்பிடுகிற தங்கள் பிள்ளையை எடுத்திருந்தார்கள். படத்தில் தங்கை இல்லை. ஆனால் குரல் இருந்தது. பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "எங்கக்காவுக்கு நல்ல பேரு வேணும், அவ்வளவுதான். அடி வாங்கிட்டு வந்து நின்னப்போ எல்லாம் திருப்பி அனுப்பினது அவதான். இன்னிக்கு எனக்குக் காவல் காக்கிறாளாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்தாள். என் காசில் சாப்பிட்டுக்கொண்டே என்று அப்போது நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

அவள் சொன்னது பொய்யில்லை. மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் நானே கொண்டுபோய் விட்டேன்.

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு நீக்கினேன். பாப்பாவின் படம் அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்பே வந்திருந்தது. அதை மட்டும் நீக்கவும் இல்லை, சரி என்று தொடவும் இல்லை. அப்படியே வைத்திருந்தேன். பெயர்ப்பலகையைப் படித்திருந்தேன்.

மறுநாள் கூடத்தில் தங்கை புருஷன் கேட்டபோது நான் உடனே கார்டைக் கொடுக்கவில்லை. "அவளப் பாத்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. பாத்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே பயமா இருக்கு."

உண்மையைத்தான் சொன்னார். அப்படிப்பட்ட மனிதர் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டீ போட்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். பால் காய்கிற நேரத்தில் போனை எடுத்து அந்தப் படத்தைச் சரி என்று தொட்டேன். நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவே அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று அதை ஆல்பத்தின் முதல் படமாக வைத்தேன். சர்க்கரை குறைவாகப் போட்டு டீயைக் கொண்டுவந்தேன். அவருக்குச் சர்க்கரை ஆகாது. அதன் பிறகுதான் கார்டைக் கொடுத்தேன். அவர் போனதும் படத்தை நீக்கிவிட்டேன். அதற்குள் அவர் வாசலிலேயே நின்று பார்த்து முடித்திருந்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

இன்று காலையில் பாப்பா கண்ணாடி முன்னால் நின்று, தன் விரலைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள், படத்தைத் தொட்டு ஏற்றிய அந்த விரலை. ரத்தம் வந்திருந்தது. மருந்து போட்டுக் கட்டிவிட்டு நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வருகிறேன். அந்தக் குழந்தை செய்யாத தப்பைச் சுமக்கக்கூடாது, மேடம். அதற்காகத்தான் வந்தேன்; வேறு எதற்காகவும் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பெரியம்மா மேல் உயிரையே வைத்திருக்கிறாள். தெரிந்தால் குழந்தை தாங்க மாட்டாள்.