முதுகில் பட்டவனுக்குக் கேடயம் இல்லை

ஆடவர் கூடும் பொதுவீட்டின் மூப்பர்களே, பங்குத் தந்தை அவர்களே, நீரேற்றம் பார்த்து ஓடம் தள்ளி வந்திருக்கும் அக்கரை உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கேடயப் பெருந்தச்சர் ஓஸ்வால்து பிராயிம் மறைந்துவிட்டார். அவருக்கு நிகரான கை இந்த ஆற்றங்கரையில் உண்டா? இல்லை. சதுப்பு மரத்தின் பலகை போல் அகன்ற வேரில் கேடயம் வெட்டி, அதில் அவர் வௌவாலைச் செதுக்கி, செம்மண்ணும் சிப்பிச் சுண்ணாம்பும் ஏற்றினால் எதிரியின் கால் தானாகப் பின்வாங்கும். நானும் தச்சன்தான். பொறாமையில் வெந்தவன்தான்.

இறந்தவன் பெயரைக் கேடயத்துக்கு இட்டால்தான் அவன் உயிர் கடல் தாண்டும். இல்லையேல் சேற்றிலேயே அலையும். தன் பிள்ளைக்குத் தகப்பனே செதுக்கக் கூடாது என்பதும் நம் வழக்கம். அதனால்தான் சேகோப் பனைத் தோப்புச் சண்டையில் என் மகன் கோர்னெலிஸ் விழுந்தபோது ஓஸ்வால்திடம் போனேன். என் மனைவி அவர் காலைப் பிடித்தாள். சுட்ட சேகோப் புழுவை மென்றபடி, ஊரே கேட்க என்ன சொன்னார் தெரியுமா?

"கேடயம் முன்னாடி நிக்கிற சாமானுய்யா. ஒம் மவன் முதுகுல அம்பு வாங்குனவன். அவம் பேர வச்சா கேடயமே திரும்பிக்கிட்டு ஓடும்."

நீங்கள் சிரித்தீர்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தீர்கள். என் மகன் இன்னும் சேற்றில்தான் இருக்கிறான்.

போன வியாழன் வேர் வெட்டப் போன இடத்தில் ஓஸ்வால்தை முதலை பிடித்தது. உடலைக் கரையேற்றியவன் நான். மார்பில் ஒரு கீறல் இல்லை. பல் பதிந்ததெல்லாம் பிடரியிலும் பின்தொடையிலும். பெருந்தச்சர் எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று நான் சொல்ல வேண்டுமா?

இப்போது இந்த ஊரில் உளி பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. நேற்று அவர் மனைவி யோசேபா என் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, அவரு பேசுனது தப்புதான். செத்தவரு மேல கோவம் எதுக்கு? பேர மட்டும் வச்சுடுங்கண்ணே."

"சபையில சொல்றேன், போ" என்றேன்.

சொல்கிறேன். ஓஸ்வால்து ஆளுக்கொரு நியாயம் பேசாதவர். அவர் வகுத்த நெறியை இம்மியும் பிசகாமல் காப்பேன் என்று இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன். இறந்தவர் பெயரிடும் வரும் கேடய விருந்துக்கு ஒன்பது கேடயம் செய்கிறேன். ஒன்றிலும் அவர் பெயர் இருக்காது.

தரையில் சரிந்த யோசேபாவைத் தூக்காதீர்கள். அன்று என் மனைவியை யாரும் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகவில்லை. யோசேபா, நீயாகவே எழுந்து வீட்டுக்குப் போ.