நல்ல லெவல்

– அந்த வாத்து கால்ல என்னக்கா சிவப்பு நூல்?

– எந்த வாத்து சார்?

– தோ, கரையேறி உதறிக்கிட்டு நிக்குதே, அதுதான். பக்கத்துல நிக்கறதுக்கும் இருக்கு.

– அது... கண்ணு படக் கூடாதுன்னு கட்டினது.

– வாசல்ல சிலுவை மாட்டியிருக்கீங்க. வாத்துக்குத் திருஷ்டி நூலா?

– ஏசப்பா! பக்கத்தூட்டு கிருஷ்ணம்மா கட்டி வுட்டுது சார், அதுக்கு அது பழக்கம். நீங்க இன்னா தண்ணி பாக்க வந்தீங்களா, வாத்து பாக்க வந்தீங்களா?

– ரெண்டும் பாக்கணும். இந்தக் குட்டை உயிரோட இருக்கா இல்லயான்னு சொல்றதுதான் என் வேலை. உள்ள என்ன வாழுதுன்னு பாக்காம எப்படிச் சொல்றது?

– கண்ணெதிர்ல நீஞ்சிகினு கீது, இன்னும் இன்னா பாக்கணும்? இந்த ஜெயசீலி வளக்கற வாத்து எல்லாம் சோக்கா கீதுன்னு எழுதிகினு போங்க.

– எங்கக்கா நீஞ்சுது? நான் வந்ததுல இருந்து நீங்க அதுங்கள உள்ள வெரட்டறீங்க, அதுங்க கரைக்கே ஓடி வருதுங்க. தண்ணியக் கண்டா ஓடற வாத்த இப்பதான் பாக்கறேன்.

– குளுரு சார்.

– வெயில் மண்டையப் பொளக்குது.

– வாத்துக்கு வேற குளுரு. நீங்க வாத்து வளத்துகீறீங்களா?

– இல்ல. நீங்க எத்தன நாளா வளக்கறீங்க?

– வருசக்கணக்கா. ஏசப்பா சாட்சியா.

– முட்டை?

– வித்துட்டேன்.

– அடைக்கற கூண்டு?

– காத்துல போயிடுச்சி.

– சரி, அது இருக்கட்டும். கரையில ஒரு எச்சம்கூட இல்லயே? வருசக்கணக்கா வாத்து நடந்த கரை இப்படியா இருக்கும்?

– பெருக்கிட்டேன். ஆபீசர் வராருன்னா பெருக்க மாட்டமா?

– குட்டைக் கரையவா பெருக்குனீங்க?

– இன்னா சார் நீங்க, போலீசு மாதிரி நோண்டி நோண்டிக் கேக்கறீங்க! நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க சொல்லுங்க. உங்கள யாரு அனுப்பிச்சாங்க? போன தடவ இப்டித்தான் டேப்பு புட்ச்சிகினு ரெண்டு பேரு வந்தாங்க. சும்னே பாக்கறோம்னாங்க. அப்பால பாத்தா எங்க லைன்ல எல்லா ஊட்டு செவுத்துலயும் பெயின்ட்ல நம்பரு. இன்னாத்துக்குன்னு இன்னி வரைக்கும் ஒருத்தனும் சொல்லல.

– நான் வீடு அளக்க வரலக்கா. தண்ணி, சேறு, அவ்வளவுதான்.

– அந்த பாட்டில்ல எல்லாம் இன்னா ஊத்தி வெச்சிகீறீங்க? நீங்களே எதுனா மருந்தக் கலந்துட்டு, அப்பால தண்ணி கெட்டுப் போச்சின்னு சொல்லிட்டா?

– காலி பாட்டில். வேணும்னா மோந்து பாருங்க.

– நான் மோக்க மாட்டேன்பா. அந்த மெஷினு?

– தண்ணியில உப்பு எவ்வளவுன்னு காட்டும். பழவேற்காடு தெரியுமா? கடலோரத்துல பெரிய உப்பங்கழி. இத்தன வருசமா அங்கதான் இந்த வேலை பாத்துட்டு இருந்தேன்.

– இங்க ஏது சார் கடலு?

– கடல் இல்ல, உப்பு இருக்கே. தங்கம் எடுத்துட்டுக் கொட்டின இந்த சைனைடு மேட்டுல மழை பெஞ்சா மண்ணுல இருக்கறதெல்லாம் கரைஞ்சு இங்க வந்து நிக்குது. பழவேற்காட்டுல கழிக்கு ஒரு வாய் உண்டு. கடல் உள்ள வரும், வெளிய போகும், கழுவி விட்டுடும். இதுக்கு வாய் இல்ல. வந்தது இங்கயே கிடந்து வெயில்ல சுண்டுது.

– பாத்தியா, கெட்டுப் போச்சின்னு இப்பவே முடிவு கட்டிட்டீங்க!

– இல்லக்கா. அங்கயும் உப்புதான். ஆனா சேத்துல கை விட்டா புழு நெளியும், நண்டு கடிக்கும், நாத்தம் குடலப் புடுங்கும். அந்த நாத்தம் வந்தா எனக்கு நிம்மதி. இங்க அள்ளி வெச்சிருக்கேன் பாருங்க. மோந்து பாருங்க, இது உங்க குட்டைச் சேறுதான்.

– ஒண்ணியும் நாறல.

– அதான் எனக்கு பயமா இருக்கு. புழு இல்ல, பூச்சி இல்ல, ஒரு கொசுகூட முட்டை போடல. அப்பவே ஒரு ஆடு வந்துச்சே, கிருஷ்ணம்மா ஆடுன்னீங்க, மோந்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுச்சு. இந்த வாத்து மட்டும் என்னத்தத் தின்னு வருசக்கணக்கா வாழ்ந்துச்சு?

– நான் கேவுரு போடுவேன். டீ ஆறுது, மொதல்ல குடிங்க.

– இது கேன் தண்ணியில போட்டதா?

– ஆமா.

– வீட்டு போர் தண்ணியே போதும்னு சொன்னேனே?

– அய்ய, வந்தவங்களுக்கு அதக் குடுப்பாங்களா? எம்பொண்ணு பியூலாவுக்குன்னு வாங்கி வெச்ச கேனு அது. உள்ள படுத்துகீது. ஏழு மாசம், பிரசவத்துக்கு வந்துகீது.

– போர் தண்ணிக்கு என்ன?

– அதுக்கு இன்னா? நாங்கல்லாம் அதான் குடிக்கறோம். நல்லா கீது. உங்க வேலையப் பாருங்க சார்.

– சரி, அது இருக்கட்டும்.

– ஆவூன்னா இருக்கட்டும் இருக்கட்டும்னுகினு! பேரு இன்னா? மெட்ராஸ் ஆளா?

– நோயல். பொறந்தது இங்கதான், சாம்பியன் லைன்ல. அப்பா தங்க மைன்ஸ்ல டிம்பர்மேன், சுரங்கத்துல மரம் முட்டுக் குடுக்கற வேலை. மைன்ஸ் மூடினதும் சென்னைக்குப் போயிட்டோம்.

– நம்பற மாதிரியே கீது. இங்க வரவன் எல்லாம் எங்க தாத்தா இங்கதான் வேலை செஞ்சாருன்னு தான் ஆரம்பிக்கறான். அடியில பாறை வெடிச்சி ஏர் பிளாஸ்ட் ஆனா இன்னா ஆவும்? சொல்லுங்க பாப்போம்.

– அலமாரியில இருக்கற பாத்திரம் எல்லாம் கீழ கொட்டும். அம்மா எரியற அடுப்ப அப்படியே விட்டுட்டு சுரங்க ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவாங்க. நாங்க பின்னாலயே ஓடுவோம். ஆளுங்கள ஏத்திட்டு கேஜ் மேல வர்ற வரைக்கும் எல்லாரும் கேட்டப் புடிச்சிட்டு நிப்பாங்க.

– அப்டி ஒரு நாளு நானும் ஓடினேன். கேஜ் வந்துச்சி. எங்க நைனா வரல.

– ஐயோ.

– அதுக்கு மொத நாளு தான் இன்ஸ்பெக்டர் சுரங்கத்துல எறங்கிப் பாத்துட்டு எல்லாம் நல்லா கீதுன்னு போனாரு. இன்ஸ்பெக்டர் வந்தா இன்னா பண்ணுவாங்கன்னு உங்கப்பா சொல்லிகீறாரா?

– சொல்லியிருக்காரு. சுரங்கத்துக்குள்ள மாடி மாடியா லெவல் இருக்கும்ல, அதுல ஒரு நல்ல லெவல்ல சுண்ணாம்பு அடிச்சு, லைட்டு போட்டு, அத மட்டும் காட்டுவாங்க.

– அந்த சுண்ணாம்ப அடிச்சதே எங்க நைனா தான். அவரு வேலை செஞ்ச லெவல யாரும் காட்டல, அவரும் காட்டல. வேலை போயிடும்னு பயம். இங்க எல்லாருக்கும் அது ஊறிப் போச்சி. ஆபீசர் வந்தா நல்லதக் காட்டு, கெட்டத மூடு.

– அதான் கரையப் பெருக்குனீங்களா? அக்கா, சந்தையில வாத்த ஜோடி ஜோடியா கால் கட்டித்தான் விப்பாங்க. நூல முழுசா அவுக்க மறந்துட்டீங்க. எங்க வாங்கினீங்க?

– நான் வாங்கல. ஏசப்பா சாட்சியா நான் வாங்கல.

– அவர இப்பவாவது விடுங்க. காலைல இருந்து உங்களுக்குச் சாட்சி சொல்லியே அலுத்துப் போயிருப்பாரு.

– இது நெசம் தம்பி. மனோகர் குடுத்தாரு. காத்தால கூடையில போட்டு கொணாந்து எறக்கினாரு.

– எந்த மனோகர்?

– மிச்சம் மீதி தங்கத்துக்காக மேட்டு மண்ண அள்றதுக்குப் புதுசா ஒரு கம்பெனி வந்துகீதே, அந்தக் கம்பெனி ஆளு. குட்டை செத்துப் போச்சின்னு ரிப்போர்ட் வந்தா, இந்த லைன் மனுசங்க இருக்க லாயக்கு இல்லன்னு எல்லாரையும் காலி பண்ணிடுவாங்கன்னாரு. நம்பர் போட்டதே அதுக்குத்தானாம். எங்கூட்டுக்காரு வேலைக்கு மொத டிரெயினு புட்ச்சி பெங்களூரு போயி இருட்டினப்பறம் வர ஆளு. எங்க போயி ஊடு தேடுவாரு? புள்ளத்தாச்சிய வெச்சிகினு நான் நடுரோட்ல நிக்கறதா? வாத்த ஓட்டுன்னாரு, ஓட்டினேன். தப்பா?

– அவரு தங்க பிரேம் கண்ணாடி போட்டுக்கிட்டு, பேச்சுக்குப் பேச்சு ‘கரெக்டா, கரெக்டா’ன்னு கேப்பாரா?

– அவரே தான்! உனுக்கு எப்டித் தெரியும்?

– என்னை வரவழைச்சதே அவருதான்.

– இன்னாது?

– மண்ணு அள்றதுக்கு முன்னாடி கம்பெனி ஒரு ஆள வெச்சு குட்டையப் பாத்தாகணும். அந்த ஆள் நான். நேத்து ராபர்ட்சன்பேட்டையில பிரியாணி வாங்கிக் குடுத்துட்டே சொன்னாரு, ‘குட்டையில வாத்தெல்லாம் மேயுது சார், பாத்து நல்லபடியா எழுதுங்க’ன்னு. வாத்து வந்தது இன்னிக்குக் காலையில. நேத்தே மேஞ்சுதாம்!

– அப்போ எங்க ஊடு போயிடும்னு சொன்னாரே...

– குட்டை செத்துடுச்சுன்னு நான் எழுதினா போறது அவங்க வேலைதான், உங்க வீடு இல்ல. உப்பு எறங்காம மேட்டுக்கு அடியில அவங்க சுவர் கட்டணும். லைன் முழுக்கக் குடிதண்ணிக் குழாய் போட்டுக் குடுக்கணும். அப்பறம்தான் மண்ணுல கை வெக்க முடியும். அவங்க அனுமதி ஆர்டர்ல காலி பண்ணணும்னு எங்கயும் இல்ல, முழுக்கப் படிச்சிட்டுத்தான் வந்தேன்.

– அந்த நம்பரு?

– குழாய் போட கம்பெனி வீடு எண்ணின நம்பர். செலவப் பாத்ததும் அப்படியே அமுக்கிட்டாங்க.

– பாவி! நாசமாப் போறவன்! கூடையத் தலையில தூக்கி வுட்டப்ப ‘அக்கா, அக்கா’ன்னு இன்னா கொஞ்சு கொஞ்சினான்... இரு, உன்ன மட்டும் எப்டி நம்பறது? நீயும் அவன் பிரியாணி துன்னவன் தான?

– துன்னேன். இல்லன்னு சொல்லல.

– அப்ப நீ இன்னா எழுதப் போற?

– பாத்தத எழுதுவேன்.

– நீ பாத்தது வாத்து.

– சேறும் பாத்தேன். வாத்து எங்கிருந்து வந்துச்சுன்னும் எழுதுவேன். ஆனா அவங்க லேசுப்பட்ட ஆளுங்க இல்ல. ‘குட்டைத் தண்ணிய யாரு குடிக்கறாங்க? அது செத்தா எந்த மனுசனுக்கு என்ன கேடு?’ன்னு ஒரே கேள்வியில தூக்கிப் போட்டுடுவாங்க. அதுக்கு நான் என்னத்தக் காட்டறது?

– காத்தாலருந்து நானும் சுண்ணாம்பு தான் அடிச்சிகினு கீறேன் தம்பி. எங்க நைனா மாதிரியே.

– அழாதீங்கக்கா. யாரா இருந்தாலும் பயப்படத்தான் செய்வாங்க.

– பியூலா! ஏய் பியூலா! எழுந்து பின்பக்கக் கதவத் தொற! நீ வா தம்பி, அந்த பாட்டில எல்லாத்தையும் எடுத்துகினு வா. எங்கூட்டு போர் தண்ணியப் புடி. போன மழையிலருந்து அதுல சோறாக்கினா உப்பே போட வேணாம்.