பதினொரு பாடைக்கு முன்னால் நடந்தவருக்கு, பெரியம்மாள் கொண்டுபோக வேண்டிய மனுவுடன்

அறத்தை அடுத்தவருக்குச் சொல்லுமுன் அதன்படி அடியெடுத்து வைத்தவரே, மலையையும் சமவெளியையும் ஒரே பந்தியில் அமர்த்தியவரே, இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் விடுதியை நடத்தி இன்று பணி நிறைவு பெறும் போதகர் தெய்வசிகாமணி ஐயா அவர்களே, வணக்கம்.

கரியாலூர் மலைப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் வருகைப் பதிவேட்டு வரிசையில் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்பது தாங்கள் வைத்த முதல் சட்டம். "இன்னா பாதிரியாரே, எங்க பொண்ண மலைப் புள்ளைங்களோட குந்த வச்சிக்கினு இருக்கீங்க?" என்று வந்தார் நிலக்காரர் அரங்கநாதன். "தனியா குந்தணும்னா நீங்க வாங்க, ஒங்களுக்கு மட்டும் தனியா எல போடறேன்" என்றீர்கள். அவர் மகள் ஷாலினி பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அந்த வரிசையில்தான் சாப்பிட்டாள்.

புகழ்வது எளிது. தாங்கள் பொய்ப் புகழை விரும்பாதவர் என்பதால் தவறையும் எழுதுகிறோம். எங்களில் பலருக்கு வீடு காலனியில். ஏழு ஆண்டுகளுக்கு முன், காலனிச் சாவு பெரிய தெரு வழியே வரலாமா என்று தகராறு மூண்டது. அமைதிக் கூட்டத்தில், "வாய்க்கால் வழியே போகச் சம்மதம்" என்ற தாளில் எங்கள் சார்பில் கையெழுத்திட்டீர்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஐப்பசியில் நம் சமையல்காரர் பெரியம்மாளின் கணவர் காசிநாதனை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப்போனோம்.

"எங்க வூட்டுக்காரர் செத்தும் நனைஞ்சாரு. நீங்க ஒலந்த எடத்துல குந்திக்கினு கையெழுத்து போட்டீங்க, ஐயா" என்று அடுப்படியிலேயே சொன்னார் பெரியம்மாள்.

அந்த ஞாயிறு ஆராதனையில், "சத்தம் இல்லாதத சமாதானம்னு நெனச்சிட்டேன்" என்றீர்கள். அதன்பின் பதினொரு பாடைகளுக்கு முன்னால், வெள்ளை அங்கியோடு, பெரிய தெருவின் நட்டநடுவில் நடந்தீர்கள். பாடையில் போனவர்களில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிட்டவர்கள். ஒருவரும் குறுக்கே வரவில்லை.

தாளை மட்டும் தாங்கள் திரும்பப் பெறவில்லை. கேட்டபோதெல்லாம், "நடந்துக்கினே இருந்தா வழியாயிடும்மா, எழுதி எதுக்குக் கிளறணும்?" என்றீர்கள். சென்ற மாதம் கண் அறுவைக்குத் தாங்கள் போயிருந்த நேரத்தில், காலனி ராஜாம்பாளின் பாடையைப் பெரிய தெருக்காரர்கள் தெருமுனையில் நிறுத்தி, அந்தத் தாளின் நகலை எங்களில் ஒருத்தியிடம் நீட்டினார்கள். "ஒங்க பாதிரியார் போட்ட கையெழுத்துதான். நல்லா படி, நீதான் டிகிரி படிச்சவளாச்சே."

படித்தோம். பாடையை வாய்க்காலுக்குத் திருப்பினோம்.

ஆகவே ஐயா, நீடு வாழ்க, நோயின்றி வாழ்க, அறுவை செய்த கண் எல்லாவற்றையும் தெளிவாகக் காண வாழ்க. பொன்னாடையும் சந்தன மாலையும் மேசைமேல் உள்ளன. பக்கத்தில், அந்தச் சம்மதத்தை விலக்கிக்கொள்ளும் மனுவும் உள்ளது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் பெரியம்மாள் முதல் பஸ் ஏறுகிறார். மடலின் கீழே நாங்கள் பதினேழு பேரும் கையெழுத்திட்டுவிட்டோம். மனுவின் கீழே ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது. பொன்னாடை அதற்குப் பிறகு.

அன்பு குறையாத,
விடுதிப் பணியாளர்கள்