டிரம்முக்குள் மாமியார்

"மாமியாரைத் தூக்கி டிரம்முல போட்டேன்க்கா," என்றாள் ஆம்பூர் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண்.

பக்கத்திலிருந்த அக்கா திடுக்கிட்டாள். "இன்னாடி சொல்ற?"

"பாலாத்து வெள்ளத்துல எங்க தெருவுல மூணு பேரு செத்தாங்களே, அன்னிக்குதான். அவங்களால நடக்க முடியாது. நம்ம டேனரியில தோல் ஊறப்போடற மர டிரம் ஒசரமா இருக்குதில்ல? அது சுத்தாம கட்டை குடுத்துட்டு உள்ள ஏத்தினேன்."

"சும்மா இருந்தாங்களா?"

"எங்க! 'எடம் ஜாஸ்தி இருக்கு, எதிர்வீட்டுக்காரியையும் அவ புள்ளையையும் கூட்டியா'ன்னு ஒரே கத்தல். மறுபடியும் கழுத்தளவு தண்ணியில போய்க் கூட்டியாந்தேன்."

"நீ பெரிய ஆளுடி! உன் மாமியாருக்கும் அவளுக்கும் ஆகாதே, இப்ப ராசியாய்ட்டாங்களா?"

"நீ வேறக்கா, நேத்துகூட குப்பைக்கு சண்டை. ஆனா அன்னிக்கு தண்ணி வடியற வரைக்கும் அந்தப் புள்ளை இவங்க மடியிலதான் தூங்குச்சு."