இடம் எங்க ஊரு, பேரு உங்க ஊரு

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். அதுவும் அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கி எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நேற்று முன்தினம் சாயங்காலம் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் மேலப்பட்டி அம்மா ஒருவரும், அவர் மகளைக் கட்டிக்கொடுத்த கீழப்பட்டிச் சம்பந்தியம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஊரு நிலத்துல உங்க ஊரு நிக்குதுங்க, சம்பந்தி" என்றார் மேலப்பட்டி அம்மா. "ஸ்டேஷனுக்கு இடம் விட்டது நாங்க. போர்டுல மட்டும் கீழப்பட்டி!"

"அப்போ தபால் ஆபீஸ் எங்க ஊர்லதானே இருந்துச்சு. வெள்ளைக்காரன் தெரிஞ்ச பேரை எழுதிட்டான்."

"அதான் எங்காளுங்க யாரும் அங்க ஏறறதில்ல. டிக்கெட்ல உங்க ஊரு பேரைப் பார்த்தாலே எரியுது."

"வெளையாடாதீங்க. நாளைக்கு ரயில்வே ஆபீசர் ஏறுற ஆளை எண்ண வர்றார். ஏற ஆளில்லன்னா இனிமே வண்டி நிக்காதாம். காலேஜ் நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது, நம்ம பேத்தி எப்படிப் போவா?"

மேலப்பட்டி அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஊரையே கூட்டிட்டு வர்றேன். ஆனா நீங்க முதல் ஆளா நின்னு, 'மேலப்பட்டியிலேருந்து திருச்சிக்கு ஒண்ணு'ன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி கேக்கணும்."

"டிக்கெட் குடுக்கறவர் 'அப்படி ஒரு ஸ்டேஷனே இல்லம்மா'ம்பார்!"

"இல்லன்னு அவர் சொல்லட்டும். நீங்க கேளுங்க."

மறுநாள் காலை திருச்சி போக மறுபடி ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் ஸ்ரீரங்கம் வரும்போதே இரண்டு ஊர் ஆட்களாலும் நிரம்பியிருந்தது. யாரோ "மேலப்பட்டியிலேருந்து திருச்சிக்கு ஒண்ணு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்க, கீழப்பட்டி அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். நான் திருச்சி வரை நின்றுகொண்டே போனேன்.