பட்டறையில மஞ்சள் ட்யூப்

– இறங்காத. அந்த ட்யூபைக் கழட்டிட்டு அப்புறம் இறங்கு. இல்லன்னா ஏணியோட சேர்த்துத் தள்ளிவிட்டுடுவேன்.

– அக்கா, கத்தாத. வாசல்ல ஆள் போறாங்க.

– போகட்டும், கேக்கட்டும்! காருக்கு பெயிண்ட் அடிக்கிற பட்டறையில எவனாவது மஞ்சள் ட்யூப் வாங்கி மாட்டுவானா? நீ மாட்டினே. தம்பியாச்சேன்னு உன்னைக் கூட வெச்சுக்கிட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்.

– மலிவா கிடைச்சுதுன்னு ஒரு தடவை வாங்கிட்டேன். அதுக்கு இன்னும் எத்தனை நாள்தான் திட்டுவே?

– ஆயுசுக்கும் திட்டுவேன். முந்தி அந்தச் சாம்பல் நிற வண்டி, நிறம் சேரலன்னு திரும்பி வந்துச்சு. இப்ப பல் டாக்டரோட வெள்ளைக் கார். நாலு பேர் முன்னாடி அந்த மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா? "ஏம்மா, காரெல்லாம் வெள்ளை, நீங்க அடிச்ச கதவு மட்டும் ஏன் வெண்ணெய் நிறத்துல இருக்கு?" நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு எனக்கு.

– நான்தான் அவர்கிட்ட சொல்லிட்டேனே, தப்பு எங்க லைட்டு மேலன்னு.

– லைட்டு தானா பறந்து வந்து மேல ஒட்டிக்கிச்சா? ட்யூப் ஓரத்துல எண் போட்டிருக்குல்ல, படிக்கத் தெரியாது? மூவாயிரம்னா மஞ்சள். ஹோட்டல்காரன் போடுவான், தோசை பொன்னா தெரியட்டும்னு. நாலாயிரம் ஆபீசுக்கு. நமக்கு ஆறாயிரத்து ஐந்நூறு, பகல் வெளிச்சம் மாதிரி. அதுல நிறம் கலந்தா உள்ள எப்படியோ வெளியவும் அப்படியே. மஞ்சள் வெளிச்சத்துல கலந்தா இங்க ஒண்ணு, வெயில்ல ஒண்ணு. தலையில அடிச்சு அடிச்சு சொல்லிக் குடுத்தேனேடா!

– தெரியும்கா.

– தெரிஞ்சே செஞ்சியா? அப்ப அது திமிரு.

– சரி, திமிருன்னே வெச்சுக்கோ. கதவை மறுபடி அடிச்சுக் குடுத்துடலாம். ஆனா இந்தத் தடவை நிறம் நான் கலக்கறேன்.

– என்ன சொன்னே?

– ஒரே ஒரு தடவை.

– வீட்டு கேட்டுக்கு கறுப்பு அடிக்கச் சொன்னா செடிக்கும் சேர்த்து அடிச்சவன் நீ. நீ நிறம் கலக்கப் போறியா? குருவி தலையில பனங்காயா? "நிறம் சேரணும்னா அந்தம்மாகிட்ட போ"ன்னு எல்லாரும் சொல்றாங்க. பிரஷ் தொட்ட நாள்லேர்ந்து நான் சம்பாதிச்சது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டு இப்ப என் இடத்துக்கே அடி போடறியா?

– உன் இடம் எனக்கு எதுக்குக்கா? ஒண்ணு மட்டும் சொல்லு. டாக்டர் காரை வெயில்ல நிறுத்திக் காட்டினாரே, நீ பார்த்தியா?

– பார்த்தேன், பார்த்தேன்.

– எப்படி இருந்துச்சு?

– எப்படி இருக்கும்? அவர் சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. வெயில் வேற கண்ணைக் கூசுச்சு. பேச்சை மாத்தாத.

– இப்பல்லாம் உனக்கு எதைப் பார்த்தாலும் கூசுது. எதிர்ல வர்ற வண்டி வெளிச்சம்கூட ஆகலன்னு மாமா சொன்னாரு.

– ஓஹோ! மாமனும் மச்சானும் உக்காந்து என்னைக் கிழவியாக்கப் பார்க்கறீங்களா? என் கண்ணு இருக்கட்டும், நீ மேல பாரு. சுவரெல்லாம் காமாலை வந்த மாதிரி இருக்கு.

– எந்த ட்யூபால?

– உன் தலைக்கு மேல எரியுதே, அது.

– பக்கத்துல இருக்கறது?

– அதுவும்தான்.

– அந்தக் கடைசி?

– எல்லாமேதான்டா! ஸ்கூல்ல உனக்கு ட்யூப்லைட்டுன்னு சரியாத்தான் பேரு வெச்சாங்க. கழட்டுன்னா கழட்டு.

– கழட்டிட்டேன். இந்தா, பிடி. எண்ணைப் படி.

– குடு இங்க. ஆறு... ஆறாயிரத்து ஐந்நூறு. டேய், யார்கிட்ட வித்தை காட்டறே? புதுசை இடுப்புல சொருகி வெச்சிருந்தியா?

– தொட்டுப் பாரு, சூடா இருக்கு. இப்ப வரைக்கும் எரிஞ்சதுதான். அந்தச் சாம்பல் வண்டி திரும்பி வந்தன்னிக்கே மஞ்சள் ட்யூப் அத்தனையையும் கழட்டிட்டேன். டாக்டர் கதவுக்கு நீ நிறம் கலந்தது இந்த வெள்ளை வெளிச்சத்துலதான்.

– பொய்.

– அம்மா மேல சத்தியம்.

– பொய்டா! அதோ மீதி ட்யூப் எல்லாம் கண்ணு முன்னாடி மஞ்சளா எரியுதே!

– எனக்கு வெள்ளையாத்தான்கா தெரியுது. அதனாலதான் வாயத் திறக்கல. லைட்டு மேலயே பழி இருக்கட்டும், நீ என்னையே திட்டிக்கிட்டு இருன்னு விட்டுட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு.

– இறங்கு. நான் ஏறிக் கிட்டப் பார்க்கறேன்.

– அக்கா, நீ ஏற வேண்டாம். திட்டவாவது செய்.

– அந்தக் கதவு... நிஜமாவே வேற நிறமாவாடா இருந்துச்சு?